வெறும் பாத்திரம் திரும்பி வரலாம்

கதிர்,

நேற்று சாப்பிடும்போது நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. தோசையைத் திருப்பிப் போடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு உடனே வாயில் பதில் வராது என்று உனக்குத் தெரியும். கேள்வி உள்ளே போய் ஊற வேண்டும். மறுநாளோ அதற்கும் மறுநாளோ துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பதில் வரும். கேட்டவர் அதற்குள் போயிருப்பார். நீ ஆஸ்டினுக்குக் கிளம்புவதற்குள் இதையாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் படிப்பாய். மெதுவாகவே படி. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிற மற்ற அம்மாக்களும் படிக்கட்டும் என்று நம் ஊர்த் தமிழ்ச் சங்க மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறேன். இதில் வருகிற இருவரிடமும் கேட்டுவிட்டேன். ரஹ்மத், "எழுதுங்கக்கா, பேரையும் சேத்துப் போடுங்க" என்றாள். பத்மா ஆன்ட்டி, "என்னை வில்லியா மட்டும் காட்டிடாதே" என்றார்.

நீ கேட்டது இதுதான். "அம்மா, நம்ம வீட்ல வந்து சாப்பிட்டவங்ககிட்டயே இனிமே மாவு விக்கப் போறியா? ஷேர் பண்ணணும்னு நீதானே சொல்லிக் குடுத்த? ஃப்ரெண்ட்ஸ்கிட்ட காசு வாங்கறது ஸோ ஆக்வர்ட்மா." உன் அப்பா அதோடு தன்னுடையதையும் சேர்த்துக்கொண்டார். "டெலிகாம் பூரா ஆளைத் தூக்கிட்டிருக்கான். நாளைக்கு எனக்கே என்னன்னு தெரியல. இந்த நேரத்துல போய் லீஸ்ல கையெழுத்துப் போடறேங்கற. மத்தவங்ககிட்டப் பேசவே கூச்சப்படற ஆளு நீ, கடை வெச்சு என்ன பண்ணுவ?" வியாழக்கிழமை நானும் ரஹ்மத்தும் அந்த டிரை கிளீனிங் கடைக்குப் பக்கத்து இடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதா வேண்டாமா என்பதுதான் இப்போது நம் வீட்டில் இருக்கிற ஒரே கேள்வி. நான் போடப்போகிறேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். பி.ஏ. வரலாறு, தமிழ் மீடியம். என் அப்பா ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினார். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு, "இடைக்கால ஐரோப்பாவில் நகரங்களும் வணிகமும் வளர்ந்த விதத்தை விவரி" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும் என்று அக்காமார்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கான பதிலை நான் சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஆற்றைக் கடக்கிற துறைகளிலும், கோட்டைகளின், மடாலயங்களின் மதிலுக்கு வெளியிலும் வணிகர்கள் கூடினார்கள். வாரச் சந்தைகள் தோன்றின. எடைக்கும் அளவுக்கும் பொது விதிகள் செய்தார்கள். என் அப்பா துண்டை உதறிக்கொண்டே, "அங்கயும் எடைக்கல்லுத் தகராறுதானா கண்ணு?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். கேள்வி வந்தது, எழுதினேன், தேறினேன். அதில் ஒரு வரிகூட எனக்குப் புரிந்திருக்கவில்லை என்பது டெக்சாஸுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நாம் இந்த அபார்ட்மென்டுக்கு வந்தபோது உனக்கு எட்டு வயது. அப்பா காலையில் 75-ஆம் நெடுஞ்சாலையில் ஏறி ரிச்சர்ட்சனுக்கு வேலைக்குப் போய்விடுவார், உன்னை மஞ்சள் பஸ் கொண்டுபோய்விடும். எனக்கு அப்போது வேலை செய்ய அனுமதி இல்லை, கார் ஓட்டத் தெரியாது, யாரிடமும் பேசவும் தெரியாது. ஒரு நாளில் நான் வெளியே போகிற ஒரே இடம் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கிற அந்தக் கூரைக் கொட்டகை. அங்கேதான் பத்மா ஆன்ட்டியை முதலில் பார்த்தேன். என் கையில் இருந்த ஊர்க் கடிதத்தின் எழுத்தைப் பார்த்துவிட்டு, "தமிழா? அப்பாடா!" என்றார். மறுநாள் ஒரு டப்பாவில் கறிவேப்பிலை வந்தது. அவர் வீட்டுப் பால்கனித் தொட்டியில் குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைத்து வளர்த்த செடி. இந்த ஊரில் அப்போது அது தங்கம். டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது இல்லையா? என்னிடம் ஊரிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரோடு கொண்டுவந்த கிரைண்டர் இருந்தது. இட்லி மாவை நிரப்பிக் கொடுத்தேன். அந்த மாவுப் பாத்திரம் முறுக்கோடு திரும்பி வந்தது. அது முறுக்குப் பாத்திரமாகவே நம் வீட்டில் தங்க முடியாது, அல்லவா? எலுமிச்சை ஊறுகாயோடு போனது.

நீ கவனித்தாயோ இல்லையோ, நம் வீட்டுக்குள் ஒரு நகரம் அப்படித்தான் வந்தது. தபால் கொட்டகைதான் எங்களுடைய ஆற்றுத் துறை. அங்கே எல்லோரும் நின்றுதான் ஆகவேண்டும். நின்றால் பேச்சு, பேச்சிருந்தால் பாத்திரம். இரண்டு வீடு ஆறு வீடாகி, ஆறு பத்துக்கு மேல் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று நாள் தானாகவே அமைந்தது, சந்தைக்கு நாள் அமைவதைப் போல. யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனாலும் விதிகள் வந்தன. மாவு என்னுடையது. கறிவேப்பிலையும் பலகாரமும் பத்மா ஆன்ட்டியுடையது. ரவிக்கை தைப்பது இரண்டாம் பிளாக் அம்மாவுடையது. ஒருமுறை புதிதாக வந்த ஒரு பெண் தானும் மாவு அரைத்துக் கொடுப்பதாகச் சொன்னபோது, எல்லோரும் அவளை இனிமையாகப் பார்த்துச் சிரித்துப் பேச்சை மாற்றினார்கள். அவள் புரிந்துகொண்டாள். எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது, நான் ஒரு கைவினைச் சங்கத்தில் உறுப்பினர் என்று. இடைக்கால நகரங்களில் நெசவாளர், ரொட்டி சுடுவோர், தோல் பதனிடுவோர் எல்லோரும் இப்படிச் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கத்துக்குள் இருப்பவன் நோயில் விழுந்தால் கஞ்சி ஊற்றுவார்கள், செத்தால் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்வார்கள். வெளியே இருப்பவன் அதே தொழிலைச் செய்தால் தறியைப் பிடுங்குவார்கள். இரண்டையும் செய்தது ஒரே கைதான். உனக்குச் சின்னம்மை வந்தபோது பத்து நாள் நான் அடுப்பு மூட்டவில்லை, எல்லா வேளைக்கும் யார் வீட்டிலிருந்தாவது சாப்பாடு வந்தது. அதை மறந்துவிட்டு நான் எதையும் எழுத மாட்டேன்.

ரஹ்மத் போன வருடம் கடைசியில்தான் வந்தாள். மேலப்பாளையத்துக்காரி. கணவருக்குக் கிரீன் கார்டு இருந்தது, டெலிகாமில் நல்ல வேலை இருந்தது, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். அவளும் வெள்ளிக்கிழமைப் பாத்திர வரிசையில் சேர்ந்தாள். யார் வீட்டுக்கு எது போகலாம் என்று பார்த்துப் பார்த்து அனுப்புவாள். சைவ வீடுகளுக்குப் பேரீச்சம்பழமும் முந்திரியும், நமக்கு மட்டும் மீன் குழம்புப் பொடி. நீ அந்தப் பொடிக்காக வெள்ளிக்கிழமைகளில் பாத்திரங்களைத் திறந்து திறந்து பார்ப்பாய். பிறகு இந்த வருட ஆரம்பத்தில் அவள் கணவரை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. காலை பதினொரு மணிக்கும் அவருடைய கார் அதே இடத்தில் நிற்பதை நான் பார்த்தேன். பார்ப்பது ஒன்றுதான் எனக்குச் சரளமாக வரும் வேலை.

அவள் வீட்டிலிருந்து பாத்திரம் திரும்பி வருவது மாறியது. முந்திரி போய்ப் பேரீச்சம்பழம் மட்டும் வந்தது. பிறகு இரண்டு எலுமிச்சம்பழம். பிறகு அடியில் ஒரு பிடி சர்க்கரை. சர்க்கரை போட்டு அனுப்பினால் மரியாதை குறையாது, நம் வீடுகளில் ஒன்றும் இல்லாதபோது அதைத்தான் போடுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பத்மா ஆன்ட்டியின் டப்பாவில் சர்க்கரை காகிதப் பொட்டலங்களாக வந்தது. காபிக் கடைகளில் இலவசமாக வைத்திருப்பார்களே, அது. ஆன்ட்டி எல்லோர் முன்னாலும் அதை எடுத்துக் காட்டினார். "இங்க பாருங்கடி, காபிக் கடையில பொறுக்கிட்டு வந்து போட்டிருக்கா! இதுக்கு வெறும் டப்பாவையே குடுத்திருக்கலாம்." எல்லோரும் சிரித்தார்கள். "அவ சும்மா விளையாட்டுக்குப் போட்டிருப்பா" என்று யாரோ சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. வெறும் டப்பாவைக் கொடுக்க முடியாததால்தானே அவள் கடைக்குள் போய் அந்தப் பொட்டலங்களை எடுத்திருக்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. காபி வாங்காமல் அதை எடுக்கும்போது அவள் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

யோசித்துவிட்டு நான் செய்ததுதான் முட்டாள்தனம். நம் வீட்டிலேயே பெரிய எவர்சில்வர் தூக்கை எடுத்து, கழுத்து வரை மாவை நிரப்பி, அவள் வீட்டுக்கு அனுப்பினேன். கஷ்டத்தில் இருக்கிறாள், கூடக் கொடுப்போம் என்று நினைத்தேன். நீதான் கொண்டுபோனாய். கதவு திறக்கவில்லை, உனக்குத் தியேட்டரில் வேலைக்கு நேரமாகிவிட்டது, வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். உன் மேல் தப்பே இல்லை. மே மாத டெக்சாஸ் வெயில், மேற்கு பார்த்த வாசல், இரண்டாம் மாடி. அவர்கள் உள்ளேதான் இருந்தார்கள். கதவைத் திறந்து அந்தத் தூக்கை எடுத்தால் அதை நிரப்பித் திருப்பித் தர வேண்டும். அதனால் திறக்கவில்லை. மாவு காத்திருக்குமா? பொங்கி, மூடியைத் தள்ளிவிட்டு, படியில் வழிந்து, ஒவ்வொரு படியாக இறங்கிக் கீழ்வீட்டு அமெரிக்கப் பாட்டியின் மிதியடி வரைக்கும் போய்விட்டது. தூக்கில் ஒட்டியிருந்த நம் வீட்டு எண்ணைப் பார்த்து, அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து எனக்குத்தான் போன் வந்தது. எறும்பு வந்துவிட்டது, ஏதோ ரசாயனம் கொட்டியிருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். "ரைஸ்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு அது ஒன்றையும் விளக்கவில்லை.

வாளியும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய்ப் படி படியாகக் கழுவினேன். மேல்படிக்கு வந்தபோது கதவு கொஞ்சம் திறந்தது. ரஹ்மத் நின்றாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"எதுக்குக்கா இவ்வளவு பெரிய தூக்கு?"

"பிள்ளைங்களுக்கு ஆகுமேன்னுதான்..."

"ஆகும். பொறவு நான் என்னத்தப் போட்டுத் திருப்பித் தர? உங்க தூக்க நிரப்ப எங்க வீட்ல என்ன இருக்குன்னு நெனச்சீங்க?"

"நீ ஒண்ணும் தர வேண்டாம் ரஹ்மத்."

"அதத்தான் முடியலங்கேன். எல்லாரும் ஒண்ணும் தர வேண்டாம்னுதான் சொல்லுதாங்க. சொல்லிட்டு டப்பாவத் தொறந்து பாக்காங்க." அவள் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "வெலை சொல்லுங்கக்கா. எம் பிள்ளைங்களுக்கு இட்லி வேணும். வெலை சொன்னா வாங்கிக்கிடுதேன். சும்மா குடுத்தீங்கன்னா இந்தக் கதவு தொறக்காது."

என் வாழ்க்கையில் நான் எதற்கும் விலை சொன்னதில்லை. "ரெண்டு டாலர்?" என்றேன், கேள்வி மாதிரி.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ரெண்டா? உங்க மாவுல தண்ணி கூடுதல். உளுந்து பத்தாது. ஒண்ணரைக்கு மேல ஒரு காசு கெடையாது."

"உளுந்து பத்தாதா? நாலுக்கு ஒண்ணு போடறேன்!"

"பாத்தா தெரியலியே. படியெல்லாம் ஓடிப்போச்சே." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். கையில் துடைப்பத்தோடு அந்தப் படியில் நின்று நாங்கள் பேரம் பேசினோம். ஒண்ணே முக்காலுக்கு முடிந்தது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் என் கண்ணைப் பார்த்துப் பேசினாள். மறுநாள் அவள் காசைக் கொடுத்து, மாவை வாங்கி, பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்தாள். அந்த வெறும் பாத்திரத்தைக் கையில் வாங்கும்போது எனக்கு ஒரு விகல்பமும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

கதிர், அன்றைக்குத்தான் எனக்கு அந்தத் தேர்வுக் கேள்வியின் பதில் புரிந்தது. பண்ணையாள் என்பவன் நிலப்பிரபுவுக்குக் காசு கொடுக்கவில்லை. பண்டிகைக்குக் கோழி கொண்டுபோனான், அறுவடைக்குத் தேன் கொண்டுபோனான், வாரத்தில் சில நாள் அவருடைய வயலில் உழைத்தான். பதிலுக்கு அவருடைய மதிலுக்குள் அவனுக்குப் பாதுகாப்பு இருந்தது. பார்த்தால் அன்பும் கடமையும் மாதிரி இருக்கும். ஆனால் அது முடிகிற நாள் என்று ஒன்று இல்லை. கோழி மெலிந்திருந்தால் வாசலில் நின்று தலை குனிய வேண்டும். சந்தை வந்தபோது, நகரம் வந்தபோது, அந்தக் கோழிக்கும் அந்த உழைப்புக்கும் பதில் ஒரு காசு என்று மெல்ல மாறியது. காசு கொடுத்தாயிற்று என்றால் அவ்வளவுதான், நிமிர்ந்து திரும்பி நடக்கலாம். நகரத்துக்குள் ஓடிவந்து ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் இருந்துவிட்டால் பண்ணையாள் சுதந்திரமானவன் என்று பல ஊர்களில் வழக்கம் இருந்தது. இதை நான் அப்போது மதிப்பெண்ணுக்காக எழுதினேன். விலை என்பது பேராசை மட்டும் இல்லை, சில நேரங்களில் அது எதிரில் நிற்பவருக்குக் கொடுக்கிற மரியாதை என்று ரஹ்மத்தின் வாசற்படியில்தான் படித்தேன்.

நான் காசு வாங்கிய செய்தி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லா பிளாக்குக்கும் போய்விட்டது. பத்மா ஆன்ட்டி எப்போதோ வீடு வாங்கிப் போய்விட்டவர், ஆனாலும் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் தவறாமல் காரில் வந்து தன் இடத்தில் நிற்பார். அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"மாவுக்குக் காசா? ஏண்டி, நாம என்ன கடையா வெச்சிருக்கோம்? இத்தனை வருஷமா ஒரு முறையா நடந்துண்டிருந்ததைக் கெடுத்துட்டியே."

"அவளுக்கு அதுதான் ஆன்ட்டி வசதியா இருக்கு."

"உனக்கு வசதியா இருக்குன்னு சொல்லு. நாளைக்கு நான் கறிவேப்பிலைக்கு பில் போட்டா நன்னா இருக்குமா?"

"போடுங்க ஆன்ட்டி. நான் பேரம் பேசறேன்."

இதை நான்தான் சொன்னேன் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. சிலர் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை மெல்லக் கலைந்தது. சில வீடுகளிலிருந்து பாத்திரம் வருவது நின்றுபோனது. ஒன்றை இழக்காமல் இன்னொன்று கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். கறிவேப்பிலை டப்பா வராத வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு கதவுகள் தட்டப்பட்டன. இதுவரை வரிசையில் சேராத பெண்கள் வந்தார்கள். வேலை போன வீட்டுப் பெண்கள், குழந்தையை டேகேரில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிற பெண்கள், திருப்பிக் கொடுக்கச் சமைக்கத் தெரியாத ஒரு தனிப் பையன். எல்லோருக்கும் மாவு வேண்டியிருந்தது, பாத்திரத்தை நிரப்புகிற கவலைதான் அவர்களை இத்தனை நாள் தள்ளி நிறுத்தியிருந்தது. ரஹ்மத்தின் பொடியும் கூடவே போக ஆரம்பித்தது.

பொறாமையில் இல்லை, உண்மையான பயத்தில்தான் பத்மா ஆன்ட்டி ஒரு நாள் போன் செய்தார். "சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதே. வீட்டுக் கிச்சன்ல பண்ணி வித்தா சிட்டிக்காரன் ஃபைன் போடுவானாம். கிரீன் கார்டுக்கு நிக்கற நேரம், எதுக்கு வம்பு?" எனக்கு வேலை அனுமதி அட்டை வந்து மூன்று வருடமாகிறது, அதனால் விசா பயம் இல்லை. ஆனால் ஆன்ட்டி சொன்ன இன்னொன்று சரிதான். அன்றோடு நிறுத்தினோம். மறுநாள் நானும் ரஹ்மத்தும் நகர அலுவலகத்துக்குப் போனோம். நீ நம்ப மாட்டாய் என்பதால்தான் உன்னிடம் அப்போது சொல்லவில்லை. கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன், கவுன்டரில் நின்றதும் கண் மங்கித் தாளே தெரியவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "வி மேக் பேட்டர். வி வான்ட் டு செல். ஹௌ?" அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தனிச் சமையலறை வேண்டும், பாத்திரம் கழுவ இன்ன அளவுத் தொட்டி வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார் என்று வரிசையாகச் சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அந்தக் காலத்தில் நகரத்தார் பிரபுவிடம் போய்ச் சந்தை நடத்துகிற உரிமைப் பட்டயம் கேட்டு நின்றதும் இப்படித்தானே என்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கோடையில் நான் நூலகத்திலிருந்து தடித்தடியாகப் புத்தகம் எடுத்து வந்ததைப் பார்த்து நீ, "அம்மா, ஆர் யூ கோயிங் டு காலேஜ் டூ?" என்று கேலி செய்தாய். அதில் படித்தேன். அந்த நகரங்களில் வீட்டிலேயே பார்லி நொதிக்க வைத்து மது காய்ச்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். அது சில நாளில் புளித்துவிடும், வைத்துக்கொள்ள முடியாது. வீட்டுக்கு எடுத்தது போக மிச்சத்தை அண்டை அயலாருக்கு விற்றார்கள். இன்று இருக்கிறது என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கம்பை நட்டார்கள். ஊர் சார்பில் ஒருவர் வந்து குடித்துப் பார்த்துத் தரம் சொல்லிவிட்டுப் போவார். பத்மா ஆன்ட்டிக்கு ஏற்ற வேலை. பிறகு தொழில் பெரிதாகி, பெரிய பாத்திரமும் பெரிய முதலும் தேவைப்பட்டபோது அது ஆண்கள் கைக்குப் போய்விட்டது. அந்தப் பெண்களில் ஒருத்தியின் பெயரும் என் பாடப் புத்தகத்தில் இல்லை. நான் மனப்பாடம் செய்த பதிலில் வணிகர், வணிகர் என்றுதான் வந்தது. அந்த வணிகருக்குள் மாவும் நுரையுமாகக் கை வைத்திருந்த பெண்களும் இருந்தார்கள் என்று தெரிந்திருந்தால், ஒருவேளை நான் அந்தப் பதிலை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

இப்போது உன் அப்பாவுக்கு. ஊரே வேலை இழக்கிற நேரத்தில் கடையா என்கிறார். வேலை போனால் ஜனங்கள் முதலில் நிறுத்துவது ஓட்டல் சாப்பாட்டை. வீட்டில் இட்லி அவிப்பதை யாரும் நிறுத்த மாட்டார்கள். கூச்சம் போய்விட்டதா என்றால், போகவில்லை. கூச்சத்தோடுதான் கடை வைக்கப்போகிறேன். அது போகட்டும் என்று காத்திருந்ததில் எனக்கு முப்பத்தொன்பது வயதாகிவிட்டது.

இது உனக்கு. பகிர்ந்துகொள்ளச் சொன்னேன், அதை இன்றும் மாற்றிச் சொல்லவில்லை. காய்ச்சலுக்குக் கஞ்சி, பிரசவத்துக்குப் பத்தியச் சாப்பாடு, சாவு வீட்டுக்குச் சோறு, இவற்றுக்கு விலை கிடையாது, என் கடையிலும் கிடையாது. ஆனால் நீ போகிற இடத்தில் உன்னோடு அறையில் இருக்கப்போகிற பையன்களில் ஒருவனிடம் காசு இருக்காது. நீ அவனுக்கு தினமும் பீட்சா வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் அவன் உன்னைப் பார்த்ததும் வேறு வழியாகப் போவான். நீயோ, இவ்வளவு செய்தும் நன்றி இல்லையே என்று நினைப்பாய். கொடுப்பது நமக்குச் சுகம் என்பதாலேயே அது வாங்குகிறவருக்கும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவன் பங்கை அவன் போடட்டும். அவனால் முடிந்த அளவை அவன்தான் சொல்ல வேண்டும். சொல்ல விடு. யாராவது வழக்கமாக வருகிற கூட்டத்துக்கு வராமல் நின்றுபோனால், அவரைப் பற்றி முதலில் பேசாதே. அந்தக் கூட்டம் அவரைச் சுமக்கச் சொன்னது என்ன என்று முதலில் பார்.

இதுவரை எழுதியதை எடுத்து வைத்துவிட்டு இன்று கையெழுத்துக்குப் போனேன். வியாழன் சாயங்காலம் இதைத் தொடர்கிறேன். இடத்தின் சொந்தக்காரர், பூட்ஸ் போட்ட உயரமானவர், எங்களிடம் மிக மெதுவாக, மிகச் சத்தமாகப் பேசினார். எங்கள் கணவர்களும் வருகிறார்களா, காத்திருக்கலாமா என்று கேட்டார். ரஹ்மத் என் முழங்கையைத் தொட்டாள். "என்னக்கா கேக்காரு?" "நம்ம வீட்டுக்காரங்க வருவாங்களான்னு." "வரலன்னு சொல்லுங்க. அவுகளா மாவாட்டப் போறாக?" நான் சொன்னேன். பிறகு அவர் ஐந்து வருட லீஸ் என்றார். எங்கள் பேச்சு மூன்று வருடத்துக்குத்தான். பேனாவை மேசையில் வைத்துவிட்டு, "த்ரீ" என்றேன். அவர் நிறைய விளக்கினார். நான் மறுபடி, "த்ரீ" என்றேன். என் வாயில் வேறு வார்த்தை வராததுதான் காரணம். அவர் அதை உறுதி என்று எடுத்துக்கொண்டு தாளை மாற்றி எழுதினார். கையெழுத்துப் போட்டோம்.

சாவியைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தருகிறேன் என்றார். இடத்தைச் சுற்றிப் பார்த்து, உடைந்தது ஓட்டையானது எல்லாவற்றையும் குறித்து, அவரும் நாங்களும் அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று முடியாது என்றால் அவர் மறுபடி ஊருக்கு வர ஒரு மாதம் ஆகும். தொட்டி பதிக்கிறவர் திங்கட்கிழமைக்குச் சொல்லியிருக்கிறார். ஆய்வாளர் அதற்கு அடுத்த வாரம். ரஹ்மத் என் முகத்தைப் பார்த்தாள், சனிக்கிழமை என்ன நாள் என்று அவளுக்கும் தெரியும். "நான் மட்டும் வாரேங்கா, நீங்க பிள்ளைய விட்டுட்டு வாங்க" என்றாள். ஆனால் அவளுக்கு அந்த மனிதர் பேசுகிற இங்கிலீஷ் பிடிபடாது. ஓட்டைகளை எனக்குத்தான் சரியாகப் பார்க்கத் தெரியும்.

பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே கதிர், அன்று மதியத்துக்குள் உன்னை ஆஸ்டின் விடுதியில் இறக்கிவிட அப்பா மட்டும்தான் வருவார். உன் அறையைப் பார்க்க வேண்டும், படுக்கைக்கு விரிப்புப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவோ ஆசை இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதை விரித்துக்கொள்ள உனக்குத் தெரியும். கோபம் வந்தால் கோபப்படு, போனில் கேட்டுக்கொள்கிறேன். காலை எட்டு மணிக்கு நீங்கள் கிளம்பும்போது கீழே பார்க்கிங் வரைக்கும் வந்து, கார் 75 பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று கையாட்டுவேன். அதற்கு மேல் எனக்கு வேலை இருக்கிறது.

அம்மா